சந்திரன் படமும் நோயாளி படமும்

மங்கிய வைத்தியப் படங்களைக் கணனியாற் தெளிவாக்கும் முறை, சந்திரமண்டலத்தின் வழியாகவே ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தது என்றால் நம்மிற் பலர் வியப்புறுவர்.

1895 ஆம் ஆண்டு ஜேர்மனிய அறிஞர் றொன்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டது முதல், கத்தியின்றி உடலினுள்ளே நோக்கும் பேறு மனிதனுக்குக் கிட்டிற்று. ஆயினும் அப்படங்களிற் குறையுண்டு. கதிர் புறப்படுமிடம் ஒரு புள்ளியாயிராது சிறு பரப்பாயிருத்தலின், நிழலின் ஓரம் மங்கும். உடலில் மோதிச் சிதறும் கதிர்கள் படத்தின்மேல் மூடுபனி போற் படியும். நோயாளி அசைந்தாலும் படம் கலங்கும். (மூச்சை அடக்கச் சொல்லலாம், இதயத்தை அடக்கச் சொல்ல யாரால் இயலும்?)

1964 ஜூலை 31 இல், அமெரிக்காவின் றேஞ்சர்-7 விண்கலம் சந்திரனில் மோதி நொறுங்குவதற்கு முன் 4,000 இற்கும் மேற்பட்ட படங்களை அனுப்பிற்று. கலிபோர்னியாவிலுள்ள ஜெற் உந்துகை ஆய்வுகூடத்தில், அத்தகைய படங்களைக் கணனியாற் திருத்தும் முறையை வகுத்தவர் றொபேட் நேதன். படம் புள்ளிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு புள்ளியின் ஒளியும் ஓர் எண்ணாக்கப்பட்டது. இதில் நாம் பெரிதும் போற்றுவது ஒன்றுண்டு. கமெரா எவ்விதம் பிழைசெய்யும் என்பது, கலம் பூமியிலிருந்தபோதே அளந்து வைக்கப்பட்டிருந்தது. பிழையின் அளவு தெரிந்தமையால் அதனைக் கழித்தெடுத்தல் கைகூடிற்று.

அதே ஆய்வுகூடத்தைச் சேர்ந்த றொபேட் செல்சர், இம்முறையை எக்ஸ்-கதிர்ப் படங்களுக்குப் பிரயோகித்தமை பற்றி 1968 இல் எழுதினார். ஒரு புள்ளியின் எண்ணை அயற்புள்ளிகளின் சராசரியோடு ஒப்பிட்டு, வேற்றுமையைப் பெருக்கினால் மங்கிய ஓரம் கூர்மைபெறும். ஆனால் பிலிமின் மணல்போன்ற புள்ளிகளும் உடன் பெருகும். அளவு மிஞ்சினாலோ எலும்பின் ஓரத்தில் இல்லாத கோடொன்று தோன்றும். அதனை முறிவென்று கொண்டால் நோயாளியின் கதி யாது?

இந்நாளில் இவ்வினா இன்னும் கூர்மையடைந்துள்ளது. நேதன் அளந்தறிந்த பிழையைக் கழித்தார். ஆயிரக்கணக்கான படங்களிற் பயிற்றப்பட்ட இன்றைய கணனியோ, பழகிய உருவங்களைக் கொண்டு குறையை ஊகித்து நிரப்புகின்றது. நோயாளி இயந்திரத்தினுள் நெடுநேரம் கிடப்பதைத் தவிர்க்க இது உதவும் என்பதை நாம் மறுக்கவில்லை. 2020 இல் நடைபெற்ற பாஸ்ற் எம்.ஆர்.ஐ. போட்டியில், குறைந்த அளவீடுகளிலிருந்து கணனிகள் அமைத்த மூளைப் படங்களை வைத்தியர்கள் பரிசீலித்தனர். தெளிவாய்த் தோன்றிய சில படங்களில், அந்நோயாளிகளின் மூளையில் இல்லாத உருவங்கள் காணப்பட்டன.