பத்தனையில் பூக்கும் மஞ்சள் ஆர்க்கிட்: இப்சியா ஸ்பெசியோசாவின் வகைப்பாட்டு வரலாறு

ஹக்கலைத் தாவரவியல் பூங்காவைத் தாண்டி வெலிமடைக்கு இறங்கும் பாதையில், ஈரக்காடு மெல்லப் பின்வாங்க, மலைச்சரிவெங்கும் மானாப்புல் பரந்து கிடக்கும். இந்தப் புல்வெளிக்குப் பத்தனை என்று பெயர். ஊவாவின் பத்தனைகளில், புல்லோடு புல்லாக ஒளிந்து வளரும் ஓர் ஆர்க்கிட் உண்டு. இலையும் புல்லின் இலை போலத்தான். மஞ்சள் பூ விரியும்வரை அதை எவராலும் பிரித்தறிய முடியாது. இலங்கையைத் தவிர வேறெங்கும் இயற்கையில் இல்லாத இதைச் சிங்களத்தில் 'நாகமரு அல' என்கிறார்கள். 'அல' என்றால் கிழங்கு. மக்கள் சூட்டிய பெயர் மண்ணுக்குள் இருப்பதைச் சொல்ல, அறிவியல் பெயரில் உள்ள 'ஸ்பெசியோசா' என்ற லத்தீன் சொல் பூவின் எழிலைச் சொல்கிறது.

அந்தப் பெயரை 1831இல் இட்டவர் தாவரவியலாளர் ஜான் லின்ட்லி. இலங்கை ஆர்க்கிடுகளை அவர் கைக்குக் கொண்டு சேர்த்தவர்களில் முதன்மையானவர், 1827 முதல் 1830 வரை பேராதனைப் பூங்காவின் பொறுப்பாளராக இருந்த ஜேம்ஸ் மக்ரே. இந்தச் செடிக்காகவே லின்ட்லி 'இப்சியா' என்ற புதுப் பேரினத்தை உருவாக்கினார். ஒரே ஓர் இனத்துக்கு ஒரு பேரினம் என்பது துணிவான முடிவுதான். ஜெர்மானிய அறிஞர் ரெய்ஹன்பாக் அதை ஏற்கவில்லை; செடியைப் 'பேகிஸ்டோமா' பேரினத்துக்கு மாற்றினார். அவர் பக்கமும் நியாயம் இருந்தது: இரண்டிலும் மகரந்தத் திரள்கள் எட்டு. ஆனால் பேகிஸ்டோமாவின் தண்டில் சிறு பூக்கள் பல. இப்சியாவில் பெரிய பூ, அதுவும் ஒன்றோ சிலவோதான்.

கேரள மலைகளின் உறவுச்செடியையும் ரெய்ஹன்பாக் பேகிஸ்டோமாவாகவே விவரித்திருந்தார். 1890இல் ஜோசப் ஹூக்கர் அதை இப்சியா மலபாரிகா ஆக்கியதும், லின்ட்லியின் பேரினத்துக்குக் கடலுக்கு அப்பால் ஓர் உறவு கிடைத்தது. நீண்ட காலம் கண்ணில் படாதிருந்த அந்த இனம் பின்னர் சைலன்ட் வேலியில் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. தாய்லாந்திலும் ஓர் இப்சியா உண்டு. இன்று இந்தப் பேரினத்தைக் கொலாபியே என்னும் குழுவில் வைக்கிறார்கள்.

ஹென்றி டிரிமென் தொடங்கிய இலங்கைத் தாவரக் கையேட்டில் ஆர்க்கிடுகள் அடங்கிய நான்காம் பகுதி 1898இல்தான் வந்தது. டிரிமென் 1896இல் காலமாகிவிட்டதால் அதை முடித்தவரும் ஹூக்கரே. ஆக, இலங்கைக்கு வெளியே, உலர்மாதிரித் தாள்களில்தான் இந்தப் பூவின் இடம் பெரும்பாலும் தீர்மானிக்கப்பட்டது. செடி வாழும் புல்வெளியையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டவர் ஹென்றி பியர்சன். 1899இல் வெளிவந்த அவர் கட்டுரை பத்தனைகளை ஈரப் பத்தனை, உலர் பத்தனை என்று பிரித்தது. என் பார்வையில், பூவுக்குப் பெயரிட்டதைவிட இது சிறிய பணியன்று.

ஏனெனில் ஆட்சியாளர் கண்ணில் பத்தனை வெறும் தரிசு. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், பயிரிடாத நிலத்தை, உரிமை நிறுவப்படாதவரை, அரசுடைமையாகவே கொண்டது. சரிவுகள் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் போயின. கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில், எஞ்சிய பத்தனைகள் பலவற்றில் காடு வளர்ப்பு என்ற பெயரில் பைனஸ் நட்டார்கள். பைனஸ் நிழலில் மானாப்புல் மெலிகிறது. வெயில் தேடும் இந்த ஆர்க்கிடும் அதோடு போகிறது. வசியத்துக்கென்று கிழங்கைத் தோண்டுவோரும் உண்டு. கோடையில் பத்தனை எரிந்தாலும், மண்ணுக்குள் கிழங்கு இருந்தால் மறுபடி துளிர் வரும். தோண்டிய குழியில் வருவதற்கு எதுவுமில்லை.