வண்டிச் சேதமும் இழப்பீட்டுச் சட்டமும்

இந்தியச் சாலைகளில் பிறர் ஓட்டிவந்த வாகனம் மோதித் தன் கார் நசுங்கினால், அதன் உரிமையாளர் பெரும்பாலும் மோதியவரின் காப்பீட்டு நிறுவனத்தைத் தேடிச் செல்வதில்லை. தன் சொந்தக் காப்பீட்டில் உரிமை கோரி, அதில் பிடித்தம் போக எஞ்சுவதைப் பெற்றுக்கொண்டு, பிடித்ததைத் தன் கைப்பணத்தில் கட்டுகிறார். தவறு இழைத்தவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்பது சட்டத்தின் பழைய கொள்கையாக இருந்தும் நடைமுறை இவ்வாறு திரும்பியதற்கு, காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைய விரும்பாத மக்களின் மனநிலையைக் காரணம் காட்டுவது வழக்கம். ஆனால் அந்த மனநிலையே ஒரு நூற்றாண்டுச் சட்டங்களும் கட்டணப் பட்டியல்களும் நிறுவன உடன்பாடுகளும் சேர்ந்து உருவாக்கியது என்பதை அவற்றின் வரலாறு காட்டுகிறது.

நாடு முழுமைக்குமான முதல் மோட்டார் சட்டம் 1914-இல் இயற்றப்பட்டது. வாகனங்களைப் பதிவு செய்வது, ஓட்டுநருக்கு உரிமம் வழங்குவது ஆகியவற்றில் கருத்தைச் செலுத்திய அச்சட்டம் காப்பீட்டைப் பற்றி எதுவும் பேசவில்லை. கார் என்பது அன்று துரைமார்களும் ஜமீன்தார்களும் பெரு வணிகர்களும் வைத்திருந்த பொருள். சென்னை மவுண்ட் ரோட்டில் குதிரை வண்டி கட்டிக்கொண்டிருந்த சிம்சன் போன்ற நிறுவனங்களே அவற்றுக்கு உடல் கட்டியும் பழுது பார்த்தும் வந்தன. ஒருவர் வண்டியை இன்னொருவர் இடித்தால் எஞ்சிய வழி உரிமையியல் வழக்கு ஒன்றுதான். அதில் கோரும் தொகைக்கேற்ப நீதிமன்றக் கட்டணம் செலுத்தி, எதிரி கவனக்குறைவாக ஓட்டினார் என்பதைச் சாட்சிகளோடு மெய்ப்பித்து, தீர்ப்புப் பெற்ற பின்னும் அவரிடம் பணம் இருந்தால் மட்டுமே அதை வசூலிக்க முடியும்.

இந்தக் கடைசிச் சிக்கலே கட்டாயக் காப்பீட்டுக்கு வித்திட்டது. பிரிட்டனில் 1930-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம், வாகனம் வைத்திருப்போர் அனைவரும் பிறருக்கு ஏற்படுத்தும் உடற்காயத்துக்கும் மரணத்துக்கும் காப்பீடு எடுத்தாக வேண்டும் என்றது. காப்பீட்டு ஒப்பந்தத்தில் வாகன உரிமையாளர் முதல் தரப்பு, நிறுவனம் இரண்டாம் தரப்பு, அதில் கையெழுத்திடாமல் பாதிக்கப்படும் வெளியார் மூன்றாம் தரப்பு என்ற கணக்கில் இது மூன்றாம் நபர் காப்பீடு எனப்பட்டது. இந்தியாவில் 1936–37-இல் அமைந்த மோட்டார் வாகனக் காப்பீட்டுக் குழு அதே வழியைப் பரிந்துரைக்க, 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் எட்டாம் அத்தியாயமாக அது இடம்பெற்றது. ஆயினும் இடையில் உலகப் போர் வந்ததால், அந்த அத்தியாயம் நடைமுறைக்கு வர 1946 ஜூலை 1 வரை காத்திருக்க நேர்ந்தது. வந்தபோதும் அது மனித உயிரையும் உடலையும் மட்டுமே கருதியது. சரக்கு லாரிக்கு 20,000 ரூபாய் என வரம்பு விதித்த சட்டம், சொந்தக் காரால் ஒருவர் இறந்தால் வரம்பின்றிப் பொறுப்பேற்கச் சொன்னது, இடிபட்ட காருக்கோ சுவருக்கோ மாட்டு வண்டிக்கோ ஒரு காசும் ஒதுக்கவில்லை.

1956-ஆம் ஆண்டுத் திருத்தம், விபத்து வழக்குகளை மட்டும் விசாரிக்கும் இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களை மாநிலங்கள் அமைத்துக்கொள்ள வழி செய்தது. உரிமையியல் வழக்கின் கட்டணச் சுமையும் கால நீட்டிப்பும் இல்லாத இந்த எளிய மன்றத்திலும் உயிருக்கும் உடலுக்குமான கோரிக்கைகளே முதலில் ஏற்கப்பட்டன. சொத்துச் சேதம் சட்டத்துக்குள் நுழைந்தது 1969-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாகத்தான். 1970 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த அது, மூன்றாம் நபரின் சொத்துக்குக் கட்டாயக் காப்பீட்டின் வரம்பை 2,000 ரூபாய் என வகுத்தது. இதைக் குறைத்து மதிப்பிடுமுன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: இந்தியா எந்த நாட்டைப் பார்த்து எழுதியதோ அந்தப் பிரிட்டனில் சொத்துச் சேதத்துக்கான காப்பீடு 1988-ஆம் ஆண்டின் இறுதியில்தான் கட்டாயமானது. ஆனால் முந்திக்கொண்ட இந்தியா, முந்திய இடத்திலேயே நின்றுவிட்டது. 1982-இல் 6,000 ரூபாயாக உயர்ந்த வரம்பு, 1988-இல் இயற்றப்பட்டு 1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அப்படியே எழுதப்பட்டது. சொத்துச் சேதக் கோரிக்கை 2,000 ரூபாயைத் தாண்டினால் மனுதாரர் விரும்பினால் உரிமையியல் நீதிமன்றத்துக்கே செல்லலாம் என்ற விதியும் உடன் வந்தது. அதை விருப்ப உரிமை என்பதைவிடத் தீர்ப்பாயத்தின் தயக்கம் என்று படிப்பதே பொருந்தும்.

அந்தத் தொகைகள் எழுதப்பட்ட காலத்துப் பட்டறையையும் நினைவில் கொள்ள வேண்டும். அம்பாசிடர், ஃபியட், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவற்றின் உடல் தடித்த இரும்புத் தகட்டால் ஆனது. அவற்றின் பம்பரும் இரும்பே. ஒடுக்கு விழுந்த கதவைக் கழற்றி, உள்பக்கம் இரும்புக் கட்டையை அண்டைகொடுத்து வெளிப்பக்கம் சுத்தியலால் மெல்லத் தட்டி நிமிர்த்தி, கிழிந்த இடத்தைக் கேஸ் வெல்டிங்கால் ஒட்டி, பட்டி பூசி, தண்ணீர்த் தாளால் தேய்த்து, பிரைமர் அடித்து, கடைசியில் வண்ணம் தெளிப்பதே டிங்கரிங் எனப்படும் வேலை. அதில் உதிரிபாகச் செலவு குறைவு, கூலியே பெரும்பங்கு. முற்றிலும் வீணான பாகத்துக்கு, கழித்த வண்டிகளைப் பிரித்து விற்கும் புதுப்பேட்டைக் கடைகள் இருந்தன. இத்தகைய பழுதுகளை இரு ஓட்டுநர்களும் சாலையோரத்திலேயே பேசி, கையிலிருப்பதைக் கொடுத்து முடித்துக்கொண்டனர். 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800-க்குப் பின்னரே மெல்லிய தகடும் பிளாஸ்டிக் பாகங்களும் பெருகி, தட்டி நிமிர்த்துவதினும் மாற்றிவிடுவதே வழக்கமாகியது. பழுதுச் செலவு கூலியிலிருந்து பாகத்தின் விலைக்கு இடம் பெயர்ந்தது.

சட்டம் விட்ட இடத்தை நிறுவனங்கள் தம் வழியில் நிரப்பின. கட்டாயமான மூன்றாம் நபர் பகுதியோடு, உரிமையாளரின் சொந்த வண்டிக்கு ஏற்படும் சேதத்தையும் ஏற்கும் விரிவான பாலிசிகளை அவை விற்றன. காப்பீட்டுச் சட்டத்தின் பொதுக் கொள்கைப்படி, வாடிக்கையாளருக்கு இழப்பீடு கொடுத்த நிறுவனம் அவர் இடத்தில் நின்று தவறு செய்தவரிடம் அத்தொகையைத் திரும்பக் கோரலாம். இதற்குச் சப்ரொகேஷன் என்று பெயர். ஆனால் எல்லா நிறுவனங்களும் ஒன்றன்மேல் ஒன்று வழக்குத் தொடுத்தால் வக்கீல் செலவே மிஞ்சும் என்பதால், இரு வண்டிகளுக்கும் விரிவான பாலிசி இருக்கும்போது, தவறு யாருடையதாயினும் அவரவர் வாடிக்கையாளரின் வண்டியை அவரவரே சரிசெய்து தருவது என்ற ‘நாக் ஃபார் நாக்’ உடன்பாடு பிரிட்டனில் தோன்றி இந்திய நிறுவனங்களுக்கிடையிலும் வழக்கிற்கு வந்தது. 1973 ஜனவரி 1 அன்று பொதுக் காப்பீடு முழுமையாக நாட்டுடைமையாகி, நூற்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா உள்ளிட்ட நான்கனுள் அடங்கிய பிறகு, ஓர் அரசு நிறுவனம் இன்னோர் அரசு நிறுவனத்தின்மேல் வழக்காடுவதற்கான நியாயம் மேலும் தேய்ந்தது. நிறுவனங்களைப் பொறுத்தவரை இது சிக்கனமான ஏற்பாடு. ஆனால் யார்மேல் தவறு என்ற கேள்வியைக் கேட்க வேண்டிய தேவையே எவருக்கும் இல்லாமற் போனதால், தவறு செய்யாத உரிமையாளர் தம் பாலிசியின் பிடித்தங்களோடு தனித்து விடப்பட்டார்.

அந்தப் பிடித்தங்கள் 2002 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய மோட்டார் கட்டணப் பட்டியலில் தெளிவாக வரையறுக்கப்பட்டன. ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரி ஆகியவற்றை மாற்றினால் விலையில் 50 விழுக்காடு தேய்மானமாகக் கழியும், கண்ணாடிக்குக் கழிவில்லை, உலோகப் பாகத்துக்கு முதல் ஆறு மாதம் கழிவின்றித் தொடங்கி, இரண்டாம் ஆண்டில் 10, பத்தாண்டு கடந்தால் 50 விழுக்காடு என வண்டியின் வயதோடு ஏறும். இரும்பு வண்டிகளின் காலத்துத் தர்க்கம் பிளாஸ்டிக் வண்டிகளின் மேல் ஏறி உட்கார்ந்தது இங்கேதான். ஒன்றேகால் ஆண்டு ஓடிய கார் ஒன்றை எடுத்துக்கொண்டால், பம்பர் 8,000, கதவு 12,000, வண்ணப்பூச்சு 10,000, கூலி 4,000 என 34,000 ரூபாய்க்குப் பட்டறை பில் போடுகிறது. பிளாஸ்டிக் பம்பரில் 4,000-மும் உலோகக் கதவில் 1,200-உம் கழியும்; வண்ணப்பூச்சில் கால் பங்கைப் பொருட்செலவாகக் கொண்டு அதில் பாதி, அதாவது 1,250, கழியும்; ஒவ்வொரு கோரிக்கையிலும் உரிமையாளரே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000 ரூபாய் எனக் கொண்டால், அவர் கையிலிருந்து போவது 7,450. கதவை மாற்ற வேண்டுமா தட்டிச் சரிசெய்தால் போதுமா என்பதைப் பட்டறைக்காரர் தீர்மானிப்பதில்லை. வண்டியைப் பார்த்து மதிப்பிடும் சர்வேயரே தீர்மானிக்கிறார். 1938-ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்ட 64யூஎம் பிரிவு, 20,000 ரூபாயும் அதற்கு மேலுமான இழப்புகளுக்கு உரிமம் பெற்ற சர்வேயரின் அறிக்கையைக் கட்டாயமாக்கியிருந்தது.

இவற்றினும் ஆழமாக வலித்தது நோ கிளைம் போனஸ். கோரிக்கை எழாத முதல் ஆண்டுக்கு 20 விழுக்காட்டில் தொடங்கி, தொடர்ந்து ஐந்து ஆண்டுகளில் 50 விழுக்காடு வரை சொந்தச் சேதப் பிரீமியத்தில் தள்ளுபடி தரும் இந்தச் சலுகை, ஒரு கோரிக்கை எழுந்தாலே முற்றிலும் நீங்கும். மோதியவர் யார் என்பதை அது பார்ப்பதில்லை. எனவே சிறு சேதத்துக்குக் கோரிக்கையே எழுப்பாமல் கைப்பணம் போட்டுச் சரிசெய்வது பல உரிமையாளர்களுக்கு இலாபகரமான கணக்காயிற்று.

எதிர்த்தரப்பின் காப்பீட்டை நாடும் வழி காகிதத்தில் அகலமாகவே திறந்திருந்தது. 2002-ஆம் ஆண்டுப் பட்டியல், காரின் மூன்றாம் நபர் சொத்துச் சேதப் பொறுப்பை வழக்கமாக 7,50,000 ரூபாயாக வைத்து, விரும்புவோர் மட்டும் அதைச் சட்ட வரம்பான 6,000-க்குச் சுருக்கிக்கொள்ளலாம் என்றது. ஆயினும் அத்தொகையைப் பெறத் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும்; சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றமே அத்தீர்ப்பாயமாகவும் செயல்படுகிறது. மற்ற ஓட்டுநரின் கவனக்குறைவை நிறுவக் காவல்துறை ஆவணம் வேண்டும். எவருக்கும் காயமில்லாத மோதலில் முதல் தகவல் அறிக்கை எளிதில் பதிவாகாது, தமிழ்நாட்டில் பெரும்பாலும் சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ஏற்புச் சீட்டோடு விவகாரம் நின்றுவிடும். 7,450 ரூபாய்க்காக இவ்வளவையும் செய்பவர் அரிது.

2000-ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னையின் ராயல் சுந்தரம் நிறுவனத்துக்கு உரிமம் கிடைத்ததோடு தனியார் பொதுக் காப்பீடு மீண்டும் தொடங்கியது. 2007 ஜனவரி 1 முதல் சொந்தச் சேதப் பிரீமியத்தை நிறுவனங்களே நிர்ணயிக்கலாம் என்றானது. போட்டி வந்ததும், தேய்மானம் கழிக்காமல் முழு விலையும் தரும் கூடுதல் பாதுகாப்பு சந்தைக்கு வந்து, ‘பம்பர் டு பம்பர்’ என்ற பெயரில் ஷோரூம்களில் பிரபலமாயிற்று. பழைய பட்டியலின் குறையைத் திருத்தாமல், குறையிலிருந்து தப்பும் வழியை விலைக்கு விற்ற ஏற்பாடு அது.

கட்டாயத்தின் எல்லையை விரிக்க நீதிமன்றங்கள் முயன்றதுண்டு. கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவால், 2018 செப்டம்பர் 1 முதல் புதுக் கார்களுக்கு மூன்றாண்டும் இருசக்கர வாகனங்களுக்கு ஐந்தாண்டும் மூன்றாம் நபர் காப்பீடு ஒருசேர எடுப்பது கட்டாயமாயிற்று. அடுத்த ஆண்டு செப்டம்பரிலிருந்து சொந்தச் சேதப் பாலிசியைத் தனியே விற்கக் காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் அனுமதித்தது. ஒரே வண்டியின் இரு பகுதிகள் இரு நிறுவனங்களிடம் இருப்பதும் இயல்பாயிற்று. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம், புதிய வாகனங்களுக்கு ஐந்தாண்டுக்கு ‘பம்பர் டு பம்பர்’ காப்பீடு கட்டாயம் என உத்தரவிட்டது. வண்டியில் இருப்போரின் பாதுகாப்பையே அந்த உத்தரவு முதன்மையாகக் கருதியது. நடைமுறைச் சிக்கல்கள் எடுத்துரைக்கப்பட்டதும் செப்டம்பரிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. சொந்த வண்டிச் சேதத்துக்கான காப்பீடு உரிமையாளரின் விருப்பமாகவே தொடர்கிறது.