மலையும் தறியும்: தேவிகாபுர வரலாற்றைச் சேர்த்துப் படித்தல்

திருவண்ணாமலை மாவட்டத்துத் தேவிகாபுரத்தைப் பற்றி எழுதியவர்களில் கல்வெட்டு ஆய்வாளர்கள் கோயிலோடு நின்றுவிட்டனர். நெசவைப் பற்றி எழுதியவர்களோ இவ்வூர்ப் புடவையை ஆரணிப் பட்டுக் கணக்கில் சேர்த்துவிட்டு மேலே போய்விட்டனர். அரசு நிர்வாகமும் அப்படித்தான்: கோயில் அறநிலையத் துறையிடம், தறி கைத்தறித் துறையிடம். கோயிலும் தறியும் ஒரே குடியிருப்பின் வரலாறு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அடிவாரத்தில் பெரியநாயகி அம்மன், மலைமேல் பொன்மலைநாதர் எனப்படும் கனககிரீசுவரர். பொதுவாகச் சிவன் கோயிலுக்குள் அம்மனுக்கு ஒரு சன்னிதி இருக்கும்; இங்கே உயர்ந்த கோபுரமும் அகன்ற மதிலும் அம்மனுக்கே. கிழங்கு தோண்டிய வேடனின் ஆயுதம் பட்டு லிங்கத்தில் குருதி வழிந்தது, அந்தக் காயத்துக்காகவே வெந்நீர் அபிஷேகம் என்கிறது தலபுராணம். கதை அப்படியே இருக்கட்டும். வேடனின் தெய்வம் மலையில் இருக்க, கீழே விஜயநகரக் காலத்தில் பெருங்கோயில் எழுந்தது என்பதுதான் நமக்கு முக்கியம். அத்தனை பெரிய கோயில் நடக்க வேண்டுமானால் சுற்றிலும் வரி கொடுக்கும் குடி வேண்டும்.

அந்தக் குடிகளில் நெசவாளர் முதன்மையானவர்கள். 15, 16ஆம் நூற்றாண்டுகளில் தொண்டை மண்டலக் கோயில்கள் தம்மைச் சுற்றிய திருமடைவிளாகத்தில் கைக்கோள நெசவாளரைக் குடியேற்றி, வரியில் சலுகை தந்து, தறிக்கடமை என்னும் தறி வரியை வாங்கின. காஞ்சிபுரத்திலும் விரிஞ்சிபுரத்திலும் கைக்கோளருக்கு இருந்த தண்டு (பல்லக்கு), சங்கு உரிமைகளை முன்மாதிரியாகக் காட்டிப் பிற ஊர் நெசவாளரும் அவற்றைப் பெற்றனர். விரிஞ்சிபுரம் விஜயநகர நிர்வாகப் பிரிவான படைவீட்டு ராஜ்யத்து ஊர்; தேவிகாபுரமும் அதே வட்டாரந்தான், ஆகவே அந்த வழக்கம் இங்கும் இருந்திருக்கக் கூடும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அன்று நெய்தது பெரும்பாலும் பருத்தி, இன்று நெய்வது பட்டு. இழை கர்நாடகத்திலிருந்தும் ஜரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. இதில் தொடர்ச்சி எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். துணியில் தொடர்ச்சி இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தெருவில் உண்டு. மூன்று புடவைக்கான பட்டுப் பாவு (நெடுக்கு இழைத் தொகுதி) ஏறத்தாழ 18 மீட்டர் நீளும். வெயில் ஏறுமுன் அதை விறைப்பாக இழுத்துக் கட்டி, அறுந்த இழையை முடிந்து, சிக்கெடுத்துச் சுருட்டியாக வேண்டும். எந்த வீட்டுக்குள்ளும் இது நடக்காது. நேரான நீண்ட தெரு வேண்டும். தேர் ஓடுவதற்கும் வேண்டியது அதுவே. கோயிலுக்கென்று வகுத்த வீதி நெசவுக்குக் களமாயிற்று. பருத்தி போய்ப் பட்டு வந்தபோதும் களம் மாறவில்லை. (உற்சவ நாளில் பாவு ஒதுங்கி வழிவிடும் என்பது தனியாகச் சொல்ல வேண்டியதல்ல.)

கோயிலையும் தறியையும் இப்படிச் சேர்த்துப் படிப்பதற்கு ஒப்பிட ஒரு ஜப்பானிய ஊர் இருக்கிறது. தோக்கியோவின் மேற்குப் புறநகரான ஹாச்சியோஜி, ‘முசுக்கொட்டை நகர்’ எனப் பெயர் பெற்ற பட்டு ஊர். 1590இல், ஜப்பானை ஒன்றிணைத்த ஹிதெயோஷியின் படையிடம் அதன் மலைக்கோட்டை விழுந்தது. நெடுஞ்சாலைத் தங்கல் ஊராக அது மீண்டும் வளர்ந்தது. 1859இல் யோகோஹாமா துறைமுகம் திறந்ததும் சுற்றுவட்டாரக் கச்சாப் பட்டு இவ்வூர் வழியாகத்தான் கப்பலுக்குப் போயிற்று. 1908இல் யோகோஹாமாவுக்கு நேரடி ரயில் பாதையும் வந்தது. 2020இல் ஜப்பான் அரசு இவ்வூரைத் தன் மரபுச் சின்னப் பட்டியலில் சேர்த்தபோது, தகாவோ மலைக் கோயிலையும் பட்டு நகரையும் ஒரே வரலாறாகப் பதிவு செய்தது. மலை வழிபாட்டை நெசவாளரும் பட்டு வணிகரும் தாங்கினர் என்பதே அதற்குக் காரணம்.

இந்தப் பார்வையை இறக்குமதி செய்வதில் பிழையில்லை. 1991 முதல் தென்னிந்தியப் பட்டு வளர்ப்பில் ஜப்பானிய ஒத்துழைப்போடு வெண்பட்டுக் கலப்பினங்களையே நாம் பெற்றுக்கொண்டோமே! ஆனால் ஹாச்சியோஜிக்கு அங்கீகாரம் வந்தது தறியோசை பெரும்பாலும் அடங்கிய பிறகு. தறி இன்னும் ஓடும் ஊருக்கு அருங்காட்சியகம் முதல் தேவையல்ல. கல்வெட்டுகளில் வரும் நில, வரி, குடிப் பெயர்களையும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கப் பதிவேடுகளிலுள்ள தெருக்களையும் ஒரே வரைபடத்தில் ஏற்ற வேண்டும். வீடுவீடாகக் குழித்தறிகளையும் அதில் குறிக்க வேண்டும். ஏனெனில் கல்வெட்டுக்குத் தாளில் ஒற்றியெடுத்த மைப்படி இருக்கிறது, குழியை மூடித் தளம் போட்ட வீட்டுக்கு எந்தப் படியும் இல்லை.