இலங்கைத் தோரியனைற்றும் புவியின் வயதும்

வன்னியின் வரலாற்றை எழுதுவோர் குளங்களோடும் வன்னிமைகளோடும் தொடங்குவர். ஜெயபுரம் போன்ற அண்மைக்காலக் குடியேற்றங்களோடு முடிப்பர். இவையனைத்தையும் தாங்கிநிற்கும் பாறைக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனை வாசிக்கும் முறையை உலகு கற்றுக்கொண்டதில் இலங்கைக் கற்களுக்குப் பங்குண்டு என்பது ஈண்டு நோக்கற்பாலது.

ஆனந்த குமாரசுவாமியைக் கலை விமரிசகராகவே நாம் அறிவோம். அவர் 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிய அளவீட்டுத் திணைக்களத்தின் முதற் பணிப்பாளராகவும் விளங்கினார். சப்பிரகமுவவில் கிடைத்த கரிய கனவடிவப் படிகங்கள் அவர் வாயிலாகவே அறிஞருலகின் கவனத்தைப் பெற்றன. 1904இல் இலண்டனில் டன்ஸ்ரன் அவற்றைப் பகுத்து, பெரும்பகுதி தோரியம் ஒட்சைட்டு எனக் கண்டு தோரியனைற்று எனப் பெயரிட்டார். கல் குடியேற்றநாட்டினது, ஆய்வுகூடம் ஆள்வோருடையது. மறு ஆண்டே அக்கனியத்திலிருந்து ஓட்டோ ஹான் ரேடியோதோரியத்தைக் கண்டறிந்தார்.

புவி குளிர்ந்த வேகத்தைக் கணித்த கெல்வின், 1897இல் அதன் வயதை 2 முதல் 4 கோடி ஆண்டுகளுக்குள் அடக்கியிருந்தார். 1907இல் போல்ற்வூட் என்னும் அமெரிக்க இரசாயனவியலாளர், யுரேனியம் சிதைந்து ஈயமாவதையே மணிக்கூடாகக் கொண்டு, இலங்கைத் தோரியனைற்றுக்கு 220 கோடி ஆண்டுகள் எனக் கணித்தார். கணிப்பு பிழையானது. தோரியமும் ஈயமாகவே முடிவதை அவர் கணக்கிற் கொள்ளவில்லை.   1914இல் சொடியும் ஹைமனும் இலங்கைத் தோரைற்றிலிருந்து பெற்ற ஈயம் சாதாரண ஈயத்திலும் பாரமானது எனக் காட்டினர். ஒரே மூலகத்தின் அணுக்கள் வேறுபட்ட திணிவுடையனவாயிருக்கலாம் என்னும் சமதானிக் கொள்கைக்கு அது வலிய சான்றாயிற்று.

அக்கொள்கையின்றி, விண்கற்களின் ஈயத்தையும் கடலடிப் படிவின் ஈயத்தையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒரே மூலத்தின எனவும் புவியின் வயது 455 கோடி ஆண்டுகள் எனவும் பற்றர்சன் 1956இல் நிறுவியிருக்க இயலாது.

1988இல் மிலிசெந்தா முதலியோர் இதே வழியில், சமாரியம் நியோடிமியமாக மாறும் விகிதங்கொண்டு இலங்கையின் பாறைகளை ஆராய்ந்தனர். மத்திய மலைநாட்டுப் பாறைப்பொருள் புவியின் மூடியிலிருந்து பிரிந்து 200 கோடி ஆண்டுகளுக்கு மேலாயிற்று. வவுனியாவையும் குருநாகலையும் உள்ளடக்கிய மேற்குப் பாறைகளுக்கோ 100 முதல் 200 கோடி ஆண்டுகளே. தோற்றத்தில் ஒத்த இவை பிறப்பில் வேறானவை. முன்னர் விசயன் தொகுதியின் மேற்குப் பகுதியெனக் கொள்ளப்பட்ட அப்பாறைகளைப் புவிச்சரிதவியலார் இன்று வன்னித் தொகுதி என்றே வழங்குகின்றனர்.