விற்ற வானொலியும் மீளாத குரலும்

அண்மையில் கொழும்பில் பழைய பொருட்கள் விற்கும் கடையொன்றில், தூசு படிந்த ஒரு வானொலிப் பெட்டியைக் கண்டேன். எண்பதுகளில் 'டூ இன் வன்' என்று நாம் பெருமையுடன் அழைத்த, கெசட்டில் ஒலிப்பதிவும் செய்யக்கூடிய அதே வகை. கெசட் வைக்கும் சிறு கதவைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒன்றுமில்லை. இருக்காது என்று தெரிந்தேதான் பார்த்தேன். அதன் காரணத்தைச் சொல்வதாயின், சப்ரகமுவத் தோட்டங்களுக்குப் பாட்டுப் பெட்டிகள் வந்த கதையிலிருந்து தொடங்கவேண்டும்.

கொழும்பில் 1925 டிசம்பர் 16 அன்று வானொலி ஒலிபரப்பு முறையாகத் தொடங்கியது. ஆனால் கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் இறப்பர்த் தோட்ட லயங்களுக்கு அந்த ஒலி எட்டவில்லை. மின்சாரம் துரையின் பங்களாவோடும் ஸ்டோரோடும் நின்றுவிட்டது. ஆகவே லயத்துக்குள் முதலில் நுழைந்தது, சாவி கொடுத்தால் பாடும் கிராமபோன். இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம் பாடும். எட்டியாந்தோட்டைக்கு அப்பாலிருந்த எங்கள் தோட்டத்தில் என் தாத்தா அப்படியொன்றை வைத்திருந்தார்.

1949 இல் ரேடியோ சிலோன் என்ற பெயர் வந்தது. மறு ஆண்டு வர்த்தக சேவை ஆரம்பமாயிற்று. 1952 இல் இந்திய அமைச்சர் பி.வி.கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்குக் கதவடைத்தபோது, பாக்கு நீரிணையின் இரு கரையினரும் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினர். எனினும் அக்காலத்து வால்வு வானொலிக்கு மின்சாரமோ மோட்டார் வாகன பற்றரியோ வேண்டும். கணக்கப்பிள்ளை வீட்டுத் திண்ணைதான் தொழிலாளியின் வானொலி நிலையம். அறுபதுகளில் டிரான்சிஸ்டர் வந்த பின்னரே, டோர்ச் லைட் பற்றரியைக் கொண்டு லயத்து அறைக்குள் 'பொங்கும் பூம்புனல்' ஒலித்தது.

வந்த பெட்டிகள் நிலைக்கவில்லை. அவை வீட்டை விட்டுப் போன நாட்களைக் குறித்துவைத்தால், அதுவே மலையகத் தமிழரின் அரசியல் வரலாறாகிவிடும்.

முதலில் போனது தாத்தாவின் கிராமபோன். 1970 முதல் 1975 வரை நிதியமைச்சராக இருந்தவர் எங்கள் எட்டியாந்தோட்டைத் தொகுதியின் பிரதிநிதி கலாநிதி என்.எம்.பெரேரா. இறக்குமதிகள் இறுக்கப்பட்டிருந்த அந்தக் காலத்தில், 1973, 1974 ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களைக் கடுமையாகத் தாக்கியது. பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. பித்தளைப் பாத்திரங்களும் தோடுகளும் வீட்டை விட்டுப் போயின. எங்கள் கிராமபோன் அரைமூடை மரவள்ளிக் கிழங்குக்குப் போனதாக அம்மா சொல்வார். அப்பா அதற்காக ஒருநாளும் வருந்தியதில்லை. "பாட்டத் திங்க முடியுமா?" என்பார்.

அடுத்தது சித்தப்பாவின் டிரான்சிஸ்டர். 1948 இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்களை எண்களால் பங்கிட்டது, 1964 ஒக்டோபர் 30 அன்று கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. சித்தப்பா இந்தியாவின் பங்கில் விழுந்தார். 1979 இல் அவர் புறப்பட்டபோது எனக்குப் பதினொரு வயது. லயத்து வாசலில் அம்மி, ஆட்டுக்கல், கோழிக்கூடு ஆகியவற்றோடு டிரான்சிஸ்டரும் விற்பனைக்கு வைக்கப்பட்டது. கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டார். ஏன் என்று அப்பா கேட்டதற்கு, "போற நாளு தெரிஞ்சவன்கிட்ட வெல பேச முடியுமாண்ணே?" என்றார்.

'ஒப்பாரிக் கோச்சி' என்று மக்கள் பெயரிட்ட புகைவண்டியில் தலைமன்னார் சென்று, கப்பலேறி, கேரளத்தின் புனலூரில் தாயகம் திரும்பியோருக்காக அமைக்கப்பட்ட இறப்பர்த் தோட்டத்தில் அவர் மீண்டும் பால் வெட்டினார். அங்கிருந்து வந்த முதற் கடிதத்தில், 'என் ரேடியோ இப்போது யார் வீட்டில் பாடுகிறது?' என்று கேட்டிருந்தார். இலங்கை வானொலி கேட்பதற்காகத் தேநீர்க் கடை வாசலில் நிற்பதாகவும் எழுதியிருந்தார்.

மூன்றாவதை நாங்கள் விற்கவில்லை. 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் வன்செயல் பரவியபோது, காவத்தைப் பக்கம் வாழ்ந்த அத்தையின் லயம் சூறையாடப்பட்டது. வானொலியும் போயிற்று. உயிர் தப்பி வந்த அத்தை அதைப் பற்றிப் பேசவே இல்லை.

1977 இன் திறந்த பொருளாதாரத்துக்குப் பின்னர் ஜப்பானிய 'டூ இன் வன்' பெட்டிகள் கடைகளில் நிறைந்தன. மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிக்குச் சென்ற பெண்களும் அவற்றைக் கொண்டுவந்தனர். 1986 இல் குவைத்திலிருந்து திரும்பிய என் அக்கா கொண்டுவந்ததும் அதுவே. பிலிப்ஸ் நிறுவனம் 1963 இல் அறிமுகப்படுத்திய கெசட்டை உலகம் பாட்டுக் கேட்கப் பயன்படுத்தியது. எங்கள் லயத்தில் அது கடிதமாயிற்று.

அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "இதுக்குள்ள பேசுனா அவனுக்குக் கேக்குமா?" என்று பலமுறை கேட்டு உறுதி செய்துகொண்டு, 1987 இல் ஒருநாள் சித்தப்பாவுக்காகப் பேசினார். அந்தக் கெசட் தபாலில் புனலூருக்குப் போயிற்று. பேசிப் பழகியதும் அப்பாயிக்குத் துணிவு வந்துவிட்டது. மறுவாரம் நான் கேட்கக் கேட்க, சிறுமியாகத் தாம் இலங்கைக்கு வந்த கதையைச் சொன்னார். மண்டபம் முகாமில் அடைபட்டிருந்த நாட்கள், ஊசி போட்டபோது அழுதது, தாயின் கழுத்தில் தொங்கிய தகரத் துண்டு, கப்பலில் தாய் பாடிய தாலாட்டு. அதையும் பாடிக் காட்டினார். புதிய கெசட் வாங்கப் பணமில்லாததால், ஒரு திரைப்படப் பாடல் கெசட்டின் மீதே பதிவு செய்தேன். பெயர் எழுதி ஒட்டவில்லை. 1990 இல் அப்பாயி காலமானார்.

1996 இல் நான் கொழும்பில் சம்பளம் வாங்கும் பத்திரிகையாளன். சீடி பிளேயர் ஒன்றின் மீது ஆசை. பழைய பெட்டியைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வதாக ஒரு கடைக்காரர் சொன்னார். "கெசட் இருந்தாலும் தாங்க, மேல பதியலாம்" என்றார். அட்டைப் பெட்டியோடு கொடுத்துவிட்டேன். மூன்று நாட்களுக்குப் பின், நள்ளிரவில் விழிப்பு வந்தபோதுதான் அந்தத் திரைப்படக் கெசட் நினைவுக்கு வந்தது. விடிந்ததும் ஓடினேன். யாரோ கேட்ட பாடல்களைப் பதிந்து அதை விற்றுவிட்டிருந்தார். அவர்மீது குற்றமில்லை. மேலுறையில் இருந்த பெயரைத்தான் அவர் பார்த்தார்.

அப்பா பசிக்காக விற்றார். சித்தப்பாவை இரண்டு அரசாங்கங்கள் விற்கவைத்தன. அத்தையிடமிருந்து பறித்தார்கள். என்னை எவரும் வற்புறுத்தவில்லை.

தோட்டத் தொழிலாளரைப் பற்றிய பதிவேடுகளுக்குக் குறைவில்லை. பெயர்ப் பதிவு, கடன் கணக்கு, முகாம் பட்டியல் என அனைத்தும் பிறர் எழுதியவை. எழுத்தறியாத ஒரு தலைமுறை தன் கதையைத் தன் வாயாலேயே பதிந்துவைக்கக் கிடைத்த முதற் கருவி கெசட். அந்த வாய்ப்பு அவர்களின் கடைசிக் காலத்தில்தான் வந்தது. அப்பாயியின் தாலாட்டில் இரண்டு வரிகள் எனக்கு நினைவிருக்கின்றன. மெட்டு நினைவில் இல்லை.

சித்தப்பா இப்போது இல்லை. அவருடைய மகன் கடந்த ஆண்டு தொலைபேசியில் ஒன்று சொன்னான். 1987 இல் போன கெசட் இன்னும் அலுமாரியில் இருக்கிறதாம். போட்டுக் கேட்கத்தான் பெட்டி இல்லையாம். அதில் மண்டபம் முகாமும் தாலாட்டும் இல்லை. ஆடு குட்டி போட்டது, கூரைத் தகரம் ஒழுகுவது, எப்போது வருவாய் என்ற கேள்வி, இவ்வளவுதான். கேரளத்து ஈரத்தில் நாடா பூஞ்சணம் பிடித்துமிருக்கலாம். ஆயினும், கொழும்புக் கடையில் அந்தப் பழைய பெட்டிக்கு விலை பேசாமலே பணம் கொடுத்துவிட்டு வந்தேன்.

இதை வாசிப்போர் கனடாவிலோ, கோத்தகிரியிலோ, வவுனியாவிலோ, எங்கும் இருக்கலாம். உங்கள் வீட்டுப் பழைய பெட்டியை விற்பதில் தவறில்லை. விற்குமுன் கெசட்டுகளை, மேலுறையை நம்பாமல், ஒவ்வொன்றாகப் போட்டுக் கேளுங்கள். குரல் இருந்தால் கணினியில் பிரதி எடுங்கள். 2005 முதல் ஈழத்து, மலையக ஆவணங்களைச் சேகரித்துவரும் நூலகம் போன்ற எண்ணிம நூலகங்களுக்கும் ஒரு பிரதி கொடுங்கள். முக்கியமாக, யாருடைய குரல் என்று பெயரெழுதி ஒட்டிவையுங்கள்.