பழைய செடான் கார் வாங்குதல் (சென்னை மேற்குப் புறநகர்)

அம்பத்தூர், ஆவடி, முத்தாபுதுப்பேட்டை, பூந்தமல்லி உள்ளிட்ட சென்னையின் மேற்குப் புறநகர்களில் பழைய செடான் கார் வாங்குவது, ஒரு குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பைப் பெரும்பாலும் ஒரே நாளில் கைமாற்றும் வணிகம். முன்பு வாங்குபவர்கள் தகட்டையும் எஞ்சினையும் பார்த்தார்கள். இன்று ஆவணங்களையும், கார் வெள்ளத்தில் நின்றதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டியுள்ளது.

அம்பாசடர் காலம்

பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டு, இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950களின் இறுதியில் அம்பாசடரை வெளியிட்டது. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014 மே வரை அது உற்பத்தியானது. உரிம முறை நிலவிய காலத்தில் புதிய காருக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. அதனால் பழைய காருக்கும் நல்ல விலை இருந்தது.

அம்பாசடர் உறுதியானது என்று சொல்வார்கள். அது பாதி உண்மைதான். லாரிக்கு இருப்பதுபோல் தனிச் சட்டகம் அதற்குக் கிடையாது. உடற்கூடே சுமையைத் தாங்குகிறது. எனவே கதவுக்குக் கீழுள்ள விளிம்பு, கால் வைக்கும் தளம், டிக்கியின் அடி ஆகியவை துருப்பிடித்திருந்தால் காரின் வலிமையே குறைந்துவிட்டது என்று பொருள். டிங்கரிங் செய்து, பட்டி பூசி, பெயின்ட் அடித்துவிட்டால் துரு கண்ணுக்குத் தெரியாது. மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தத்தைத் தகட்டின்மேல் நகர்த்தினால், பட்டி தடிப்பாக உள்ள இடத்தில் அது ஒட்டாது. இரும்புத் தகட்டால் ஆன எந்தக் காருக்கும் இந்தச் சோதனை பொருந்தும்.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில்தான் கிளப்பிப் பார்க்க வேண்டும். முன்கூட்டியே சூடாக்கி வைத்த வண்டி தன் குறையைக் காட்டாது. சைலன்சரில் நீலப் புகை தொடர்ந்து வந்தால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது.

1984இல் வந்த கான்டெசா, பிரிட்டனின் வாக்சால் விக்டர் காரின் உடலமைப்பைக் கொண்டது. தொடக்கத்தில் அதற்கு அம்பாசடரின் 1489 சிசி எஞ்சினே பொருத்தப்பட்டது; அந்தப் பெரிய உடலுக்கு அது போதவில்லை. பின்னர் இசுசு எஞ்சின் வந்தது. 2002இல் உற்பத்தி நின்றது. இப்படி உற்பத்தி நின்ற கார்களுக்கு உதிரிபாகம் கிடைக்குமா என்பது முதல் கேள்வி. சென்னையில் அதற்குப் பெயர்பெற்ற சந்தை எழும்பூரை ஒட்டிய புதுப்பேட்டை. பெயர் ஒத்திருந்தாலும் ஆவடி அருகிலுள்ள முத்தாபுதுப்பேட்டை வேறு ஊர். திருவள்ளூரில் 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் தயாரானதால், இப்பகுதிக்கு அருகிலேயே ஒரு செடான் தொழிற்சாலையும் இருந்தது.

வெள்ளம்

2015 டிசம்பர் மழையிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் இப்பகுதியின் பல தெருக்கள் நீரில் மூழ்கின. பழைய அம்பாசடர் நனைந்தால் காய வைத்து ஓட்டலாம். மின்னணுப் பெட்டிகள் நிறைந்த இன்றைய செடானில் அரிப்பு சில மாதங்கள் கழித்தே வெளிப்படும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால், வெளியே தெரியாத பகுதியில் சேற்றுக்கறை இருக்கலாம். தரைவிரிப்பைத் தூக்கி, இருக்கைகளின் அடியிலுள்ள திருகுகளையும் ஸ்டெப்னி வைக்கும் குழியையும் பார்க்க வேண்டும். வாசனைத் திரவம் தூக்கலாக இருந்தால் சந்தேகப்படலாம்.

ஆவணங்கள்

சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆர்.சி.யுடன் பொருந்த வேண்டும். பெட்ரோல் காருக்கு டீசல் எஞ்சின் மாற்றியிருந்தால் அதுவும் பதிவாகியிருக்க வேண்டும். முத்தாபுதுப்பேட்டையில் வான்படை நிலையம் இருப்பதால், மாற்றலாகி வருவோரின் வெளிமாநிலப் பதிவுக் கார்களும் விற்பனைக்கு வரக்கூடும். அவற்றுக்குப் பழைய மாநிலத்தின் தடையில்லாச் சான்று தேவை. தமிழ்நாட்டுச் சாலை வரியையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். வங்கிக் கடன் இருந்த காருக்கு, கடன் குறிப்பு ஆர்.சி.யிலிருந்து நீக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 இரண்டும் தேவை. வெறும் கையெழுத்திட்ட படிவங்களோடு கார் பல கை மாறுவது பழைய வழக்கம். இதில் விற்றவருக்கும் ஆபத்து உண்டு. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கில், கார் பலரிடம் கைமாறியிருந்தும் விபத்து நடந்த நாளில் ஆர்.சி.யில் முதல் உரிமையாளர் பெயரே இருந்தது. இழப்பீட்டுப் பொறுப்பு அவரையே சேர்ந்தது.