ஆண்டு பிழைத்த தாலாட்டு

சென்ற வாரம் ஆய்வு மாணவர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "நேர்காணலில் மூத்தவர்கள் பாட்டைச் சொல்லித்தான் ஆண்டைச் சொல்கிறார்கள். அதைச் சான்றாகக் கொள்ளலாமா?" படம் வெளியான தேதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்று அவசரமாகப் பதில் சொல்லிவிட்டேன். அது அரைகுறைப் பதில். அந்தப் பதிலை நம்பி நானே ஒருமுறை தவறியிருக்கிறேன். அதனால் இப்பதிவு. சற்று நீளமானது, பொறுத்தருள்க.

நான் பிறந்து வளர்ந்தது புனேயை ஒட்டிய கட்கியில். வரலாற்று நூல்களில் கட்கி இரண்டு இடங்களில் தலைகாட்டும். 1817 நவம்பர் 5 அன்று பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் படையும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் மோதிய களம் என்பது ஒன்று. 1869இல் தோட்டாத் தொழிற்சாலை தொடங்கப்பட்ட இடம் என்பது மற்றொன்று. அந்தத் தொழிற்சாலையையும் படை முகாமையும் நம்பி வந்து குடியேறியவர்களில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அவர்களைப் பற்றி ஆவணங்களில் கிடைப்பவை பெரும்பாலும் பணி எண்ணும் ஓய்வுபெற்ற தேதியுமே. எங்கள் தாத்தா வடார்க்காட்டிலிருந்து வந்து அத்தொழிற்சாலையில் முப்பது ஆண்டுக்குமேல் உழைத்தார். எழுத்தில் அவர் விட்டுச்சென்றது ஒரு டிரங்குப் பெட்டிக்குள் அடங்கும். எஞ்சிய வரலாறு முழுவதும் வாய்மொழிதான். அந்த வாய்மொழிக்குள் நுழைந்தால் எங்கும் பாட்டு.

"அந்தப் படம் வந்த வருஷந்தான் எனக்குக் கல்யாணம்", "இவன் பிறந்தப்போ ரேடியோவில் எப்பவும் அந்தப் பாட்டுத்தான்" என்பது போன்ற கூற்றுகள் களஆய்வு செய்த எவருக்கும் பழக்கமானவை. ஆனால் படம் வெளியான ஆண்டும் பாட்டுக் கேட்ட ஆண்டும் ஒன்றல்ல. 1944இல் வெளிவந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. ஒரே அரங்கில், ஒரே படத்தின் பாட்டு, மூன்று வெவ்வேறு ஆண்டுகளின் நினைவாக மூன்று பேரிடம் தங்கியிருக்கலாம். சென்னையிலேயே இப்படி என்றால் கட்கியைச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே ஒரு தமிழ்ப்பாட்டின் காலத்தைத் தீர்மானித்தது படம் அல்ல. அது வந்துசேர்ந்த கருவி.

அந்தக் கருவியின் கதையும் படையோடு தொடர்புடையதே. இரண்டாம் உலகப்போரில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் தன் படைவீரர்களுக்காகக் கொழும்பில் சிற்றலை வானொலி நிலையம் ஒன்றை நடத்தியது. போர் முடிந்தபின் அந்தக் கட்டமைப்பு இலங்கை வானொலியின் கைக்கு வந்தது. 1952இல் செய்தி ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடலை ஏறக்குறைய ஒழித்துக்கட்டினார். செவ்வியல் இசையின்மேல் அவருக்கிருந்த பற்று உண்மையானதுதான். ஆனால் அதன் பலனை அறுவடை செய்தது கொழும்பு. திரைப்பாட்டை விரும்பியவர்கள் முள்ளைச் சிற்றலைக்குத் திருப்பினார்கள். இந்தியில் 'பினாகா கீத்மாலா', தமிழில் மயில்வாகனத்தின் குரல். 1957 அக்டோபர் 3 அன்று விவித் பாரதி தொடங்கியதே இந்த இழப்பை ஈடுகட்டத்தான். படைவீரர்களின் வீட்டு ஏக்கத்தைத் தணிக்க அமைந்த நிலையத்தின் வழித்தோன்றல், படை ஊர் ஒன்றில் குடியேறிய தமிழ்ப் பெண்களின் சமையலறைக்குள் பாடியது.

இனி என் தவற்றுக்கு வருகிறேன். 2009இல் முதுகலை ஆய்வேட்டுக்காக என் ஆயாவை (எங்கள் வடார்க்காட்டு வழக்கில் பாட்டி ஆயாதான்) ஒலிநாடாவில் பதிவு செய்தேன். பேச்சு பான்ஷேத் வெள்ளத்துக்கு வந்தது. 1961 ஜூலை 12 காலை, கட்டிமுடிக்கப்படாத பான்ஷேத் மண்ணணை உடைந்தது. அந்த நீர் கீழே இருந்த பழைய கடக்வாஸ்லா அணையையும் உடைத்துக்கொண்டு முட்டா ஆற்றின் வழியே புனே நகருக்குள் புகுந்தது. கட்கி இருப்பது முளா ஆற்றங்கரையில் என்பதால் பேரழிவு அங்கே இல்லை. நகரத்திலிருந்து உறவினர் இரு குடும்பத்தார் எங்கள் லைன் வீட்டுக்கு வந்து தங்கினார்களாம். ஆயா அந்த இரவை விரிவாகச் சொன்னார். விளக்கில்லை, பதினோரு பேருக்கு ஒரு பானைச் சோறு, கைக்குழந்தை ஓயாமல் அழுதது. "கற்பகம் படத்துத் தாலாட்டைப் பாடித்தான் தூங்கவச்சேன்" என்றார். அத்துடன் அந்தத் தாலாட்டைப் பாடவும் செய்தார். குரல் உடைந்திருந்தாலும் சுருதி விலகவில்லை.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சான்று விமர்சனம் புதிதாகப் படித்திருந்தேன். 'கற்பகம்' 1963 நவம்பரில்தான் வெளிவந்தது. இசைத்தட்டு படத்தை முந்திக்கொண்டு வருவது உண்டு. இரண்டு ஆண்டு முந்தாது. ஒலிநாடா ஓடிக்கொண்டிருக்கும்போதே, "ஆயா, அது முடியாது. அந்தப் பாட்டே அப்போ வரலை" என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நீ படிச்சவன், சரியாத்தான் இருக்கும்" என்றார். 2012இல் இறக்கும்வரை என் முன்னால் அந்தத் தாலாட்டை அவர் பாடியதில்லை. பெயர்ப்புப் படியின் ஓரத்தில் 'தவறு. படம் 1963' என்று குறித்துவிட்டு, வெள்ளம் பற்றிய பகுதி முழுவதையும் ஆய்வேட்டிலிருந்து நீக்கினேன்.

அவர் மறைவுக்குப்பின் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். வானொலி வைத்திருக்க அஞ்சலகத்தில் பணம் கட்டி உரிமம் பெறவேண்டிய முறை 1980கள் வரை நீடித்தது. இன்றைய மாணவர்கள் நம்பமாட்டார்கள். தாத்தாவின் உரிமப் புத்தகம் பெட்டியில் இருந்தது. முதல் முத்திரை 1962. ஆக, வெள்ளத்தின்போது வீட்டில் வானொலியே இல்லை. என் திருத்தத்துக்கு இன்னொரு சான்று கிடைத்தது என்றுதான் முதலில் நினைத்தேன். புத்தகத்துக்குள் மடித்து வைத்திருந்த தாள் ஒரு மரணப் பதிவின் நகல். பெண் குழந்தை, வயது எட்டு மாதம், நாள் 1961 ஆகஸ்டு 3. என் தந்தைக்கு ஓர் அக்காள் இருந்ததை அவரே அன்றுதான் அறிந்தார். வெள்ளத்துக்குப்பின் வயிற்றுப்போக்கு கண்டதென்று பிறகு பெரியத்தை சொன்னார்.

என் தந்தை பிறந்தது 1964 ஜனவரியில். படம் வந்து இரண்டு மாதம். பி. சுசீலா பாடிய அந்தத் தாலாட்டு ஆயாவின் காதுக்கு எட்டியதும் மடியில் குழந்தை இருந்ததும் ஒரே காலம். அந்தக் குழந்தை என் தந்தை. ஆனால் 2009இல் ஆயா அந்தப் பாட்டை வைத்தது அவரருகில் அன்று.

இத்தாலியில் தெர்னி நகர எஃகுத் தொழிலாளி லூயிஜி திராஸ்துல்லி 1949 மார்ச்சில், நேட்டோ உடன்படிக்கைக்கு எதிரான போராட்டத்தில் கொல்லப்பட்டார். அலெஸாந்த்ரோ போர்தெல்லி பேட்டி கண்ட தொழிலாளர்கள் பலர் அச்சாவை 1953ஆம் ஆண்டின் ஆட்குறைப்புக் கலவரத்தில் வைத்தே நினைவுகூர்ந்தனர். அதை நினைவாற்றலின் கோளாறு என்று அவர் ஒதுக்கவில்லை. ஈடு செய்யப்படாத ஒரு சாவை, ஊரே எழுந்து நின்ற நாளுக்கு நினைவு நகர்த்தியிருக்கிறது என்று வாசித்தார். இந்தக் கட்டுரையை நான் 2009க்கு முன்பே படித்திருந்தேன். தேர்வில் அதைப் பற்றி எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன்.

பாட்டுக்கு இப்படி நகர்த்தும் ஆற்றல் எங்கிருந்து வருகிறது? வீட்டு ஏக்கத்தை ஒரு நோயாக வகுத்து, 1688இல் அதற்கு 'நாஸ்டால்ஜியா' என்று பெயரிட்டவர் பேசலில் மருத்துவம் பயின்ற யோஹான்னஸ் ஹோஃபர். அந்நியப் படைகளில் பணியாற்றிய ஸ்விஸ் வீரர்கள் தங்கள் ஊர் மாட்டிடையர் மெட்டைக் கேட்டால் அழுவர், படையைவிட்டு ஓடுவர். ஆகவே அதை வாசிப்பது தடைசெய்யப்பட்டது என்று ரூசோ தம் இசை அகராதியில் எழுதுகிறார். அவர் அடுத்துச் சொல்வதே முக்கியம்: அந்த மெட்டு அந்நியரை ஒன்றும் செய்யாது; அது அங்கே இசையாக அன்று, நினைவுக் குறியாகவே வேலை செய்கிறது. தொல்காப்பியர் கருப்பொருள்களை அடுக்கும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவையோடு யாழையும் சேர்த்ததை இந்த இடத்தில் எண்ணிக்கொள்வேன். பண் நிலத்தில் விளைவது. நிலத்தைவிட்டு வந்தவர்கள் அதை எங்கே ஊன்றுவது?

நரம்பியலும் துணைக்கு வருகிறது. பழகிய பாட்டு தன்வாழ்வு நினைவைத் தூண்டும்போது மூளையின் முன்பகுதி நடுப்புறம் வினைப்படுவதைப் பீட்டர் ஜனாட்டா 2009இல் படம்பிடித்துக் காட்டினார். ஆயினும் எழுந்த நினைவு நடந்ததா என்பதை அந்தப் படம் காட்டாது. அந்த இடத்தில் வரலாற்றாசிரியனுக்கு வேலை உண்டு. படத்தின் தேதி, உரிமப் புத்தகம், மரணப் பதிவு மூன்றும் இல்லையேல் ஆயாவின் கூற்று பிழை என்பதே தெரிந்திராது. பிழை என்று தெரியாவிட்டால் அது என்ன சொல்கிறது என்று கேட்டிருக்கவும் மாட்டேன். எனவே தேதியைச் சரிபார்க்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. பதிவுக்கருவி ஓடும்போது, பாடிக்கொண்டிருப்பவரிடம் அதைச் சொல்லாதீர்கள்.

அந்த இரவு அவர் உண்மையில் எதைப் பாடினார், அல்லது பாடினாரா என்பது எனக்குக் கிடைக்கப்போவதில்லை. முதல் குழந்தைக்குப் பாட வாய்க்காத தாலாட்டைப் பின்னால் கொண்டுபோய் அவளுக்குக் கொடுத்தார் என்று நான் வாசிக்கிறேன். பெரியத்தை இதை ஏற்கவில்லை. "அவங்களுக்குக் குழப்பம், அவ்வளவுதான்" என்கிறார். அதையும் பதிவு செய்திருக்கிறேன். பெயர்ப்புப் படியில் 'தவறு. படம் 1963' என்ற குறிப்பை அடிக்கவில்லை. அதன்கீழே 1961 ஆகஸ்டு 3 என்று சேர்த்தேன்.

கட்கி, தேகு ரோடு பகுதித் தமிழ்க் குடும்பங்களில் எவரிடமேனும் பழைய வானொலி உரிமப் புத்தகம் இருந்தால் உட்பெட்டியில் தெரிவியுங்கள். படி எடுத்துக்கொண்டு மூலத்தை அப்படியே திருப்பித் தந்துவிடுவேன். புத்தகத்துக்குள் மடித்து வைத்த தாள்களை முதலில் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.